செங்கல் அறுத்த கையில் பென்சில்

காலனிப் பிள்ளைகளுக்கு வடிவமைப்பு சொல்லித்தரப் போகிறோம் என்றதும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "மறுபடியும் குலக்கல்வியாப்பா?" நியாயமான சந்தேகம்தான். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் அதுதானே: பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில். அடுத்த ஆண்டே கைவிடப்பட்டாலும் அந்தக் காயம் ஆறவில்லை.

இதே சண்டை நமக்கு முன்பே அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே நடந்திருக்கிறது. அடிமைமுறை ஒழிந்து 16 ஆண்டுகள் கழித்து, 1881இல், அலபாமா மாநிலத்தில் டஸ்கெகி பள்ளி தொடங்கியது. அதன் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன், அடிமையாகப் பிறந்தவர். பள்ளிக் கட்டடங்களுக்கு மாணவர்களே செங்கல் அறுத்தார்கள். மூன்று சூளைகள் பாழாயின. நான்காவதற்காக அவர் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். கைத்தொழிலே போதும், அரசியல் உரிமை பிறகு வரட்டும் என்ற அவர் போக்கை டுபாய்ஸ் 1903இல் கடுமையாகச் சாடினார். நாங்களும் டுபாய்ஸ் பக்கம்தான்.

ஆனால் அதே பள்ளிக்கு 1892இல் ராபர்ட் டெய்லர் வந்து சேர்ந்தார். எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர், கட்டடக் கலைஞர். அவர் வரைபடம் கற்பித்தார். கல் அடுக்கிய பிள்ளைகள் அந்தக் கல் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்யவும் பழகினார்கள். குலக்கல்வியில் இல்லாதது இதுதான். அங்கே படித்த வெர்ட்னர் டாண்டி பிறகு நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞரானார்.

தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென 1932 வரை சுமார் 5,000 ரோசன்வால்ட் பள்ளிகள் எழுந்தன. அவற்றின் தொடக்ககால வரைபடங்கள் டஸ்கெகியில் தயாரானவை. பின்னால் வந்த மாதிரி வரைபடங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மின்சாரம் இல்லாத ஊர்கள் என்பதால் உயரமான ஜன்னல்களை வரிசையாக வைத்தார்கள். எழுதும் கையின் நிழல் தாளில் விழாதபடி வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும். யாருக்காகக் கட்டுகிறோம் என்று யோசித்துப் போட்ட கோடுகள். நம் தொகுப்பு வீடுகளை வரைந்தவர்கள் யாரிடம் கேட்டார்கள்? கட்டியது என்னவோ நம் ஆட்கள்தான்.

பெரியவருக்கு இதையெல்லாம் சொன்னோம். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. போன வாரம் பிள்ளைகள் தெருக்குழாயிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை அடி தூரம் என்று அளந்து, காலனியை ஒரே தாளில் வரைந்தார்கள். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் அவர்தான். மே 1 கிராம சபையில் அந்தத் தாளை வைக்கப் போகிறோம்.