எடைப் போர்வை

தொடுதல், ஓசை, அசைவு போன்ற புலனுணர்வுகளைச் சமாளிக்கத் திணறும் குழந்தைகளை அமைதிப்படுத்தத் தரப்படும் துணைச் சிகிச்சைப் பொருள். துணியைச் சிறு சிறு கட்டங்களாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் கண்ணாடி மணிகளோ பிளாஸ்டிக் குருணைகளோ நிரப்புவார்கள். அதனால் பாரம் ஒரு பக்கமாகச் சரியாமல் உடலெங்கும் சீராக அழுத்தும். ஆழ்ந்த அழுத்தம் பதற்றத்தைத் தணிக்கும் என்ற எண்ணம், அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏர்ஸ் 1972இல் நூலாக்கிய புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டோடு தொடர்புடையது. 2014இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஆட்டிசக் குழந்தைகளின் தூக்கம் இதனால் கூடவில்லை. ஆனாலும் குழந்தைகளும் பெற்றோரும் சாதாரணப் போர்வையைவிட இதையே விரும்பினர். அந்த விருப்பத்தை அலட்சியப்படுத்துவது சரியல்ல. ஆனால் இதில் ஆபத்தும் உண்டு: கனடாவின் கியூபெக்கில் 2008இல் இப்போர்வையில் சுற்றப்பட்ட சிறுவன் ஒருவன் இறந்தான். எனவே, குழந்தை தானே விலக்க முடியாத எடையைப் போர்த்தக் கூடாது. தலையை மூடவே கூடாது.