த்ரீ மைல் ஐலண்ட்: நீராவியும் தண்ணீரும் கலந்தபோது

அடுப்பில் பால் பொங்கினால் பாத்திரம் நிறைந்த மாதிரி தெரியும். பால் கூடிவிட்டதா என்ன? நுரைதான். கிட்டத்தட்ட இந்த மாயையில்தான் 1979 மார்ச் 28 அதிகாலை, பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் இரண்டாவது அணு உலை உருகியது.

அந்த வகை உலையில் தண்ணீர் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும், ஆனால் கொதிக்காது. சுமார் 150 வளிமண்டல அழுத்தத்தில் அமுக்கி வைத்திருப்பார்கள். நீராவி இருக்க அனுமதி உள்ள ஒரே இடம் பிரஷரைசர் என்ற உயரமான கலனின் மேல்பகுதி. அதன் நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் மொத்த உலையிலும் தண்ணீர் போதுமா என்று ஊகிப்பார்கள்.

காலை 4 மணிக்கு நீரூட்டும் பம்புகள் நின்றன, அழுத்தம் ஏறியது, பிரஷரைசர் மேலிருந்த வால்வு திறந்தது. திரும்ப மூட வேண்டியது மூடவில்லை. கட்டுப்பாட்டு அறை விளக்கோ 'மூடு' என்ற கட்டளை போனதை மட்டுமே காட்டியது. (கட்டளை அனுப்பியாச்சு என்பது வேறு, வேலை முடிஞ்சுது என்பது வேறு. மென்பொருள்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

அழுத்தம் இறங்க இறங்க, குழாய்களுக்குள்ளேயே தண்ணீர் கொதித்தது. குமிழிகள் தண்ணீரைத் தள்ள, பிரஷரைசர் மட்டம் ஏறியது. அது முழுக்க நிரம்பிவிடக் கூடாது என்பதே இயக்குபவர்கள் படித்த பாடம். அவசரத் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள்.

எனக்கு ரொம்ப சுவாரசியமானது அடுத்த கட்டம். நீராவி கலந்த தண்ணீரை இழுத்த நான்கு பெரிய பம்புகளும் அதிர ஆரம்பித்தன. உடைந்துவிடுமோ என்று பயந்து 5:14-க்கு இரண்டை, 5:41-க்கு மீதி இரண்டை நிறுத்தினார்கள். அதுவரை பம்புகள் கடைந்த கடைசலில் அந்தக் கலவையே எரிபொருளின் சூட்டைக் கொண்டுபோனது. நின்றதும் நீராவி மேலே, தண்ணீர் கீழே. எரிபொருளின் தலை வெளியே வந்தது. ஆனால் பிரஷரைசரில் மட்டம் குறையவில்லை! அதன் இணைப்புக் குழாய் வாஷ்பேசின் அடியில் இருப்பது போல வளைந்து போகும், வால்வை நோக்கி ஏறும் நீராவியும் தண்ணீரைக் கீழே விடாது. 6:22-க்கு வேறொரு வால்வை மூடி ஒழுக்கை நிறுத்தினார்கள். எரிபொருளில் பாதியளவு உருகியிருந்தது பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

இயக்கியவர்களை மட்டும் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1977 செப்டம்பரில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே கதை நடந்தது: அதே வகை வால்வு, அதே ஏறிய மட்டம், அதே மாதிரி தண்ணீரைக் குறைத்தது. உலை 9 சதவீத சக்தியில்தான் ஓடியது, சுமார் 20 நிமிடத்தில் கண்டுபிடித்ததால் தப்பித்தது. இரண்டு உலைகளையும் கட்டிய பாப்காக் அண்ட் வில்காக்ஸின் பொறியாளர் பெர்ட் டன், 1978 பிப்ரவரியிலேயே இதை எச்சரித்துக் குறிப்பு எழுதினார். அது கம்பெனிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது ஜான் கெமனி தலைமையிலான விசாரணைக் குழு. ஆமாம், பேசிக் கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவரான அதே கெமனிதான்.

விபத்துக்குப் பிறகு, தண்ணீர் கொதிநிலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று நேராகக் காட்டும் மீட்டர் அமெரிக்காவில் கட்டாயமானது. வெப்பநிலை, அழுத்தம் இரண்டுமே அன்றைக்கும் பலகையில் இருந்தன. இரண்டையும் சேர்த்து நீராவி அட்டவணையில் பார்த்திருந்தால் போதும்.