லாட்டரிச் சீட்டில் எழும்பிய மைதானம்

களியக்காவிளை தாண்டினால் லாட்டரிக் கடைகள் ஆரம்பித்துவிடும். தமிழ்நாட்டில் 2003ல் தடை செய்துவிட்டார்கள். கேரள அரசோ 1967ல் தொடங்கியதை இன்றும் நடத்துகிறது. இந்தக் காசெல்லாம் எங்கே போகிறது என்று பி.காம் படிக்கிற யாருக்கும் தோன்றும். சிங்கப்பூரில் அப்படிப்பட்ட காசு 55,000 பேர் உட்காரும் மைதானமாக மாறியது!

பழைய விமான நிலையம் இருந்த காலாங் பகுதியில் 1966 டிசம்பரில் வேலை தொடங்கியது. தனி நாடாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. திருட்டுச் சூதாட்டத்தை ஒடுக்க 1968ல் 'சிங்கப்பூர் பூல்ஸ்' என்ற நிறுவனத்தை அரசு ஆரம்பித்தது. அதன் லாட்டரி வருமானம் மைதானம் கட்டக் கை கொடுத்தது. மொத்தச் செலவு சுமார் 5 கோடி வெள்ளி (அங்கே டாலரை நம்மவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்). 1973 ஜூலை 21ல் பிரதமர் லீ குவான் யூ திறந்து வைத்தார்.

அப்புறம் மலேசியக் கோப்பை கால்பந்துதான் அந்த மைதானத்தின் உயிர். நீளமான மரப்பலகைகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து ஜனங்கள் போட்ட சத்தத்துக்கே 'காலாங் ரோர்' என்று பெயர் வந்துவிட்டது. ஆடியவர்களில் நம் காதுக்குப் பழகிய பெயர்களும் உண்டு. 1977ல் கோப்பை வென்ற அணியின் கேப்டன் சமத் அல்லாபிச்சை. கார்னரில் பந்தை வளைத்து அடிப்பதில் பேர் வாங்கியவர் எஸ்.ராஜகோபால். அடுத்த தலைமுறையின் நாயகன் வி.சுந்தரமூர்த்தி.

1994ல் சிங்கப்பூர் மறுபடி கோப்பையை வென்றது. ஆனால் டிக்கெட் வசூலைப் பங்கு போடுவதில் மலேசியாவோடு தகராறு முற்றி, போட்டியை விட்டே வெளியேறியது. 1996ல் வந்த உள்ளூர் லீக், சின்ன மைதானங்களுக்குப் போய்விட்டது. காலாங்கின் ஆரவாரமும் அடங்கியது. 2007 ஜூன் 30ல் மூடுவிழா ஆட்டம். ஆஸ்திரேலியாவிடம் 0-3 தோல்வி. 2010ல் இடித்தார்கள்.

அதே இடத்தில் 2014ல் புது மைதானம் வந்தது. இருக்கைகள் அதே 55,000 தான். மாறியது கணக்குப் புத்தகம்! சுற்றியுள்ள வளாகத்தோடு சேர்த்து 133 கோடி வெள்ளி. முதல் போட்டது தனியார் கூட்டமைப்பு, அரசு ஆண்டுதோறும் அவர்களுக்குப் பணம் தர வேண்டியிருந்தது. பழைய மைதானத்தில் 18 முறை தேசிய தின அணிவகுப்பு நடந்தது. புதியதில் 2016 அணிவகுப்புக்கு அரசு கூடுதல் நாட்கள் கேட்டபோது, அதற்கு எவ்வளவு பணம் என்று பேரம் பேச வேண்டியதாயிற்று. கடைசியில், ஒப்பந்தம் முடியப் பல ஆண்டுகள் இருக்கும்போதே, 2022 டிசம்பரில் அரசே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது.

தனியார் என்றால் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. லாப நஷ்டக் கணக்கில் 'காலாங் ரோர்' எந்தப் பக்கமும் ஏறாது, அவ்வளவுதான். நம் கடற்கரை ஊர்களில் பையன்கள் பந்து அடிக்கிற மண் தரைக்கும் இதே கதைதான். இன்றைக்கு வருமானமில்லாத வெறும் நிலம் அது. ஆனால் கைவிட்டுப் போனால் திரும்ப வாங்குவது லேசில்லை.

உங்கள் ஊர் மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்களேன்.