தாத்தா கேட்ட கேள்வியும் ஜெர்மனியின் பட்டறைப் படிப்பும்

எங்க குடியிருப்புல மேல்மாடியில இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணன் போன வாரம் ஒரு காகிதக் கட்டோட கதவைத் தட்டினார். "தம்பி, நீங்கள் படிக்கிற பிள்ளை. இதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. கையெழுத்து வைக்கலாமோ?"

பத்தாம் வகுப்பு முடிக்கப்போற அவரோட மகனுக்கு இங்க மியூனிக்ல ஒரு கம்பெனி கொடுத்த பயிற்சி ஒப்பந்தம் அது. மெக்கட்ரானிக்ஸ், மூன்றரை வருஷம். வாரத்துல மூணு நாலு நாள் பட்டறை, மிச்ச நாள் தொழிற்பள்ளி. மாசாமாசம் சம்பளம் உண்டு. ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடமே ஒரு வாரம் அவனை ஒரு பட்டறைக்கு அனுப்பி வேலை பார்க்க வெச்சிருக்கு. அங்க பிடிச்ச ஆசை. பையன் துள்ளிக் குதிக்கிறான், அப்பா முகத்துல ஈயாடல. "நான் இவ்வளவு காலம் குசினியில நிண்டது இவன் கையில எண்ணெய் படக்கூடாது எண்டுதான் தம்பி."

அன்னைக்கு ராத்திரி ஊருக்குப் போன் போட்டப்போ தாத்தாகிட்ட இதைச் சொன்னேன். எங்க தாத்தா தச்சர் வீட்டுப் பிள்ளை, மின்வாரியத்துல கிளார்க்கா இருந்து ஓய்வு பெற்றவர். டப்புன்னு கேட்டார்: "பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் பட்டறையா? இதைத்தானேடா நாங்க குலக்கல்வின்னு சொல்லி விரட்டினோம். அங்க எதுக்குக் கொண்டாடுறானுங்க?"

நல்ல கேள்வி. என்கிட்ட பதில் இல்ல. நாலு நாள் நூலகத்துல உட்கார்ந்ததோட விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வாங்க.

முதல்ல தாத்தாவோட கதை. 1953-ல் சென்னை மாகாண முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள்ல நேரத்தை ஒரு நாளைக்கு மூணு மணி நேரமா குறைச்சார். பிள்ளைகளை ரெண்டு தொகுதியா பிரிச்சா, இருக்கிற வாத்தியாரையும் கட்டடத்தையும் வெச்சே நிறைய பேருக்குப் பாடம் நடத்தலாம்ங்கிறது கணக்கு. மிச்ச நேரத்துல பிள்ளை பெற்றோர்கிட்ட தொழில் பழகணும். பெரியாரும் தி.மு.க.வும் இதுக்கு "குலக்கல்வித் திட்டம்"னு பேர் வெச்சுப் போராடினாங்க. 1954 ஏப்ரல்ல காமராஜர் முதலமைச்சரானார், அடுத்த மாசமே திட்டம் வாபஸ். தாத்தாவுக்கு அப்போ ஏழெட்டு வயசு. "மணி அடிச்சதும் வாத்தியார், போய் அப்பனுக்கு இழைப்புளி தள்ளுடான்னு அனுப்பிடுவார். கணக்குப்பிள்ளை மகன் வீட்டுக்குப் போய் என்ன பண்ணினான்? புத்தகத்தை எடுத்தான்" அப்படின்னு எழுபது வருஷம் கழிச்சும் கோபம் குறையாம சொல்வார்.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். இங்க ஆரம்பத்துல ரொம்ப யோக்கியமா இருந்தாங்கன்னு நெனச்சா அது தப்பு. பழைய காலத்துல தொழில் கத்துக்கொடுத்தது கைவினைச் சங்கங்கள், அதாவது சுன்ஃப்ட். ஒரு பையன் தச்சராகணும்னா மாஸ்டர் வீட்டுலயே தங்கிச் சாப்பிட்டு வேலை கத்துக்கணும். சம்பளம் கிடையாது, பல இடங்கள்ல அப்பாதான் மாஸ்டருக்குப் பணம் கட்டணும். (அந்தக் கட்டணத்துக்கு லேர்கெல்ட்னு பேர். இன்னைக்கும் ஒருத்தர் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டா 'லேர்கெல்ட் கட்டினான்'னுதான் சொல்றாங்க.)

இதைவிட முக்கியம், சேரும்போது காட்ட வேண்டிய பிறப்புக் கடிதம். முறையான திருமணத்துல பிறந்தவன், 'கண்ணியமான' குடும்பத்துப் பிள்ளைன்னு அதுல எழுதியிருக்கணும். தூக்குப் போடுறவர், செத்த மாட்டைத் தோலுரிக்கிறவர் பிள்ளைகளுக்கு இடமில்ல. சில ஊர்கள்ல லினன் நெசவாளர் பிள்ளைக்கும் இல்ல. யூதர்களுக்குக் கதவே கிடையாது. படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. செத்த மாட்டைத் தொட்டவன் தீட்டுன்னு ஒதுக்கினது நம்ம ஊர் மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

1731-ல் பேரரசு ஒரு சட்டம் போட்டு, தோலுரிக்கிறவர் தவிர மற்றவங்க பிள்ளைகளைச் சேர்த்தே ஆகணும்னு சொல்லிச்சு. சங்கங்கள் லேசுல கேட்கல. 1810-ல் பிரஷ்யா சங்கங்களோட ஏகபோகத்தையே உடைச்சு, வரி கட்டி உரிமம் வாங்கினா யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம்னு அறிவிச்சது. பிறப்புக் கதவு திறந்தது. ஆனா கத்துக்கொடுக்கிற பொறுப்பும் சேர்ந்து அவிழ்ந்து போச்சு. தொழிற்சாலைகள் பெருகின காலத்துல நிறைய இடங்கள்ல பயிற்சிப் பையன்னா மலிவுக் கூலின்னு அர்த்தம். 1897-ல் சட்டத்தைத் திருத்தி, கைவினைச் சபைகள்கிட்ட பயிற்சியை மேற்பார்க்கிற அதிகாரத்தைக் கொடுத்தாங்க. 1908-ல் இருந்து மாஸ்டர் தேர்வு தேறினவர்தான் கைத்தொழில்ல பையன்களைப் பயிற்றலாம்.

இதுவரைக்கும் இது பட்டறைக் கதைதான். பள்ளிக்கூடம் உள்ள வந்தது இதே மியூனிக்ல. கெயோர்க் கெர்ஷன்ஷ்டைனர்னு ஒரு கணித ஆசிரியர், 1895-ல் நகரப் பள்ளிகளுக்குத் தலைமை அதிகாரியானார். பதினாலு வயசுல பள்ளி முடிச்சு வேலைக்குப் போற பையன்களுக்கு மாலை நேரத்துல பழைய பாடத்தையே திரும்ப ஓட்டிக்கிட்டிருந்தாங்க. பையன்கள் தூங்கினாங்க, வேறென்ன செய்வாங்க! இவர் 1900-ல் இருந்து அதைத் தொழில்வாரியா மாத்தினார். ரொட்டி சுடுறவனுக்கு ஒரு வகுப்பு, கறி வெட்டுறவனுக்கு ஒண்ணு, செருப்புத் தைக்கிறவனுக்கு ஒண்ணு. அவனவன் தொழில்ல இருந்தே கணக்கு, படம் வரையறது, பொருள்களோட தன்மை, கூடவே குடிமைப் பாடம். சில வருஷத்துல ஐம்பது தொழில்கள் வரைக்கும் போயிடுச்சு.

ஆனா அவரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். 1901-ல் அவருக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த கட்டுரைக்கு எர்ஃபுர்ட் கழகம் வெச்ச கேள்வியே, பள்ளி முடிஞ்சதுல இருந்து ராணுவத்துல சேர்ற வரைக்கும் ஆண் பிள்ளைகளைச் சமூகத்துக்கு ஏத்த மாதிரி எப்படி வளர்க்கிறதுன்னுதான். தொழிலாளி வீட்டு இளைஞர்கள் சோஷலிஸ்டு கட்சிப் பக்கம் போயிடுவாங்களோன்னு மேல்தட்டுக்கு இருந்த பயம் அந்தக் கேள்வியில தெரியுது. பொண்ணுங்க கேள்வியிலேயே இல்ல.

1938-ல் நாடு முழுக்கத் தொழிற்பள்ளி கட்டாயமாச்சு, நாஜி ஆட்சியில. அதே வருஷம் நவம்பர்ல யூதர்கள் சொந்தமா கைத்தொழில் நடத்தக் கூடாதுன்னும் ஆணை வந்தது. பழைய பிறப்புக் கடிதம் வேற ரூபத்துல திரும்ப வந்த மாதிரி.

போருக்கு அப்புறம்? மாஸ்டர் பையனை அடிக்கிறதுக்குச் சட்டத்துல இருந்த இடம் 1951-ல்தான் போச்சு. கிழக்கு ஜெர்மனியில 1958-ல் இருந்து ஏழாம் வகுப்புக்கு மேல எல்லாப் பிள்ளைகளுக்கும், பல்கலைக்கழகம் போகப்போறவங்களுக்கும் சேர்த்து, தொழிற்சாலையில பயிற்சி நாள் வெச்சாங்க. தாத்தா சொன்ன கணக்குப்பிள்ளை மகனும் இழைப்புளி தள்ளணும்ங்கிற ஏற்பாடு! மேற்குல 1968 வாக்குல பயிற்சிப் பசங்களே தெருவுக்கு வந்தாங்க. தரை கூட்டுறதும் பீர் வாங்கிட்டு வர்றதும்தான் பயிற்சியான்னு கேட்டாங்க. அதிகாரிகளும் கட்சிகளும் பல வருஷமா இழுத்துக்கிட்டிருந்த தொழிற்கல்விச் சட்டம் 1969-ல் நிறைவேறிச்சு. எழுத்துல ஒப்பந்தம், வருஷா வருஷம் ஏறுற சம்பளம், பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலை தரக்கூடாது, கடைசியில சபை நடத்துற பொதுத் தேர்வு. குறைந்தபட்ச சம்பளம்னு ஒண்ணு வந்தது ரொம்பத் தாமதம்: 2020-ல், முதல் வருஷத்துக்கு மாசம் 515 யூரோ. அப்புறம் படிப்படியா ஏத்தியிருக்காங்க.

ஆக, தாத்தாவுக்கு என் பதில் இதுதான். ரெண்டுலயும் பாதி நேரம் பட்டறை இருக்கு. ஆனா உங்களுக்கு அப்பாதான் மாஸ்டர், தொழிலை நீங்க தேர்ந்தெடுக்கல, ஒப்பந்தம் இல்ல, கூலி இல்ல, முடிச்சா சான்றிதழும் இல்ல. இங்க முந்நூறுக்கும் மேல தொழில் இருக்கு, பையன் விண்ணப்பம் போடுறான். 2009-ல் இருந்து மாஸ்டர் தேர்வு தேறினா பல்கலைக்கழகக் கதவும் திறக்குது.

தாத்தா விடல. "சரிடா, இங்க யார் வீட்டுப் பிள்ளை பட்டறைக்குப் போறான், யார் வீட்டுப் பிள்ளை காலேஜுக்குப் போறான்?"

அங்கதான் மாட்டிக்கிட்டேன். இந்த மாநிலத்துல நாலாம் வகுப்புலயே, பத்து வயசுல, பிள்ளைகளைப் பிரிக்கிறாங்க. ஜெர்மன், கணக்கு, சுற்றுச்சூழல்-சமூகப் பாடம் மூணுலயும் சேர்த்து சராசரி 2.33 அல்லது அதைவிட நல்லா இருந்தா கிம்னாசியம். இல்லேன்னா ரியால்ஷூலே, மிட்டல்ஷூலே. (இங்க 1 தான் முதல் தரம்.) படிச்ச பெற்றோர் வீட்டுல உட்கார்ந்து சொல்லித்தர்றாங்க. ரெண்டு ஷிப்ட் பார்க்கிற அண்ணன் எந்த ஜெர்மன் இலக்கணத்தைச் சொல்லித்தர? பிறப்புக் கடிதம் யாரும் கேட்கல, ஆனா அது எங்கயோ வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கு. இதை நான் மறைக்காம அண்ணன்கிட்டயும் சொன்னேன். பையன் அப்பாவுக்குப் பயந்து போகல, விரும்பிப் போறான்ங்கிறதையும் சொன்னேன்.

நேத்து திரும்ப வந்தார். பதினெட்டு வயசு ஆகாததால பெற்றோர் ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். அக்கா முதல்லயே போட்டிருந்தாங்க. அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு, ஒப்பந்தத்தை முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார்.

"தம்பி, இதில எங்கயாவது அப்பான்ர தொழில் என்ன எண்டு கேட்டிருக்கினமோ?"

"இல்லண்ணா. எங்கயும் கேட்கல."

பேனா கேட்டார், கொடுத்தேன். செப்டம்பர் 1 முதல் நாள். முதல் நாலு மாசம் சோதனைக் காலம்னு மூணாவது பக்கத்துல இருக்கிறதைப் பையன்கிட்ட ரெண்டு தடவை சொல்லி அனுப்பியிருக்கேன்.