கடலில் வென்றவர்கள் கரையில் தோற்ற கதை

கடந்த மாரிகாலத்து மாலைப்பொழுதொன்றில், பூவரசங்குளத்தில் எனது தங்கையின் வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த அவளது மகன், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னருகே வந்தான்.

"மாமா, சோழரை வைச்சு விளையாடியும் தோத்துப்போனன். அவ்வளவு பெரிய கடற்படை எப்பிடித் தோக்கும்?"

'சிவிலைசேஷன்' என்னும் கணினி விளையாட்டு வரிசையில் ஏழாவது, 2025 பெப்ரவரியில் வெளிவந்தது. சதுரங்கம் போல முறை வைத்துக் காய் நகர்த்திப் பேரரசு கட்டும் விளையாட்டு இது. அதன் நடுக்கட்டத்தில், கடல்கடந்து நாடு தேடும் காலத்தில், சோழரைத் தெரிவு செய்யலாம். என் மருமகன் வேறெதிலும் செலவழிக்காமல் கப்பல்களைக் கட்டி, தூரதேசக் கரைகளிலுள்ள நகரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்திருந்தான். ஆளக்கூடிய குடியிருப்புகளுக்கு இவ்விளையாட்டில் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் குடிமக்களின் மகிழ்ச்சி குறையும். பின்னர் கலகம் மூளும். அவன் அரசு அப்படித்தான் உள்ளிருந்தே சரிந்திருந்தது.

"உன்ர கப்பல் தோக்கேல்லை, தம்பி. கரையேறி அங்கேயே இருந்திட்டாய், அதுதான் தோத்தது" என்றேன். விளக்கம் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

சோழரின் கடல் வரலாற்றில் இரண்டு வெற்றிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, 1025ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திரன் ஸ்ரீவிஜயத்தின்மீது நடத்திய படையெடுப்பு. அவனது மெய்க்கீர்த்தி ஸ்ரீவிஜயம், கடாரம், மாநக்கவாரம் உட்படப் பதின்மூன்று இடங்களை அடுக்கிக் கூறுகின்றது. மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்ததையும் பதிவு செய்கின்றது. சீனத்துக்கான கடல்வழியின் கழுத்து மலாக்கா நீரிணை. அக்கழுத்தில் அமைந்த துறைகளே தாக்கப்பட்டன. ஆயினும் அங்கே நிலையான சோழ ஆட்சி நிறுவப்பட்டதற்குச் சான்றில்லை. பாய்மரக் காலத்துக் கடலோட்டம் காற்றுக்குக் கட்டுப்பட்டது. சோழகம் வீசும்போது ஒரு திசை, வாடை வீசும்போது மறுதிசை. அந்தக் காற்றை நம்பித் தொலைவிலுள்ள நாட்டை ஆள்வது எளிதன்று. 1068 அளவில் வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, தன்னை அண்டிய மன்னனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்தான் என்று அவனது கல்வெட்டே கூறுகின்றது.

படை திரும்பிய பின்னரும் வணிகர் அங்கிருந்தனர். சுமாத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பரூஸ் பகுதியில், 1088ஆம் ஆண்டுக்குரிய ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. இவ்விளையாட்டை ஆக்கியோரும் இதை உணர்ந்தே அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகியவற்றைச் சோழருக்குரிய கட்டடங்களாகத் தந்திருக்கிறார்கள். என் மருமகன் இரண்டையும் கட்டவில்லை.

மற்றைய வெற்றி நமது மண்ணில் நிகழ்ந்தது. 993 அளவில் முதலாம் இராசராசனின் படை ஈழத்தில் இறங்கியது, அநுராதபுரம் வீழ்ந்தது. 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். பூவரசங்குளத்திலிருந்து மேற்கே மன்னார் நோக்கிச் செல்லும் வீதியின் அந்தத்தில், மாதோட்டம் இராசராசபுரமாயிற்று. பொலன்னறுவை சனநாதமங்கலமாயிற்று, வானவன்மாதேவி ஈச்சரம் அங்கே இன்றும் கற்கோயிலாக நிற்கின்றது. ஈழத்து ஊர்களின் நெல்லும் காசும் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயின.

இங்கே சோழர் துறைமுகத்தோடு நிற்கவில்லை. தங்கினார்கள், வரி வாங்கினார்கள், ஏறத்தாழ எழுபத்தேழு ஆண்டுகள் ஆண்டார்கள். எனினும் தெற்கே உரோகணம் முழுமையாக அடங்கவேயில்லை. அங்கிருந்தே விசயபாகு எழுந்தான். 1070இல் சோழநாட்டில் அரியணைக் குழப்பம் நேர்ந்து, முதலாம் குலோத்துங்கன் பட்டமேறிய அதே வேளையில் பொலன்னறுவை கைமாறியது. வென்ற விசயபாகு செய்த பணிகளுள் ஒன்று, உடைந்துகிடந்த குளங்களைத் திருத்தியது.

ஆகவே கடல்வல்லரசை வைத்து விளையாடுவோருக்கு இந்த வரலாறு தரும் உபாயம் எளியது. நீரிணையையும் துறைமுகத்தையும் பிடியுங்கள், உள்நாட்டைப் பிடிக்காதீர்கள். படைக்கலத்துக்கு முன் வணிகனை அனுப்புங்கள். தோற்றவனைத் துரத்துவதிலும், அவனை நட்பரசனாக இருத்துவதில் செலவு குறைவு. தாய்நாட்டில் குழப்பம் வந்தால் முதலில் கைவிட்டுப் போவது தூரத்துக் கோட்டையே என்பதை மறவாதீர்கள்.

மருமகன் மறுநாளே புதிய ஆட்டம் தொடங்கினான். மூன்று துறைமுகங்களோடு நிறுத்திக்கொண்டான், வென்றும் விட்டான். பெருமையோடு திரையைக் காட்டியவன், திடீரென்று கேட்டான்:

"மாமா, இதிலை எங்கட ஊர் எங்கை?"

பச்சை நிறக் கட்டமொன்றைச் சுட்டிக்காட்டினேன். படை கடந்து போகும் வெற்றுக்கட்டம் அது, பெயரில்லை. போர்க்காலத்தில் அம்புக்குறியிட்ட வன்னி வரைபடங்களைப் பல தடவை செய்தித்தாளின் பக்கத்தில் இட்டவன் நான். அம்புக்குறிகள் கடந்துபோன சிற்றூர்களின் பெயர்களை அவற்றில் குறித்ததில்லை. இடம் போதாது என்று விட்டுவிடுவோம். 2009க்குப் பின்னர் அந்த ஊர்களுக்குப் போய்ப் பெயர் கேட்டு எழுதவேண்டியிருந்தது.

"இந்தக் கட்டத்துக்குள்ளைதான் நாங்கள் இருக்கிறம்" என்றேன். அவன் சற்று நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே குளக்கட்டின் பக்கமிருந்து தவளைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.