சாலையோர விந்தைகளும் சரித்திரமும்

பனிக்காலம் வந்து பள்ளிகள் மூடப்படும் நாட்களில், தலைநகர்த் தமிழ்க் குடும்பங்களில் இருவகை ஏற்பாடுகள் நடைபெறுவதைக் காணலாம். விடுப்பும் பயணச்சீட்டும் ஒருங்கே வாய்க்கப்பெற்றோர் தெற்கு நோக்கிப் புறப்படுவர். வாய்க்கப்பெறாதோர், ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களையும் உறவினர் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, புளியோதரைப் பொட்டலமும் தண்ணீர்க் கூஜாவும் துணையாக வடநாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புவர். ஆக்ராவும் மதுராவும் அரித்துவாரமும் அவர்கள் பட்டியலில் என்றும் உண்டு. வெண்பளிங்கு மாளிகையையும் கங்கைக் கரையையும் காணாது ஊர் திரும்பினால், வந்தவர்களுக்கும் குறை. அழைத்துச் சென்றவர்களுக்கும் குறை.

ஆயினும், பயணம் முடிந்து வீடு திரும்பியபின் சிறுவர் சிறுமியர் எதைப்பற்றிப் பேசுகின்றனர் என்பதைச் சற்றுக் கவனித்தல் வேண்டும். மாளிகையின் பெயரும் மன்னனின் பெயரும் அவர்கள் நினைவில் மங்கிவிடும். வழியில் வயல் நடுவே தனித்து நின்ற செங்கல் தூண், உடைந்த வளையல்களால் உடுத்திய பொம்மைப் பெண்கள், குனிந்தாலன்றி நுழைய இயலாத வாயில் ஆகியவையே அவர்கள் நாவில் நிற்கும். இத்தகைய சாலையோர விந்தைகளைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது நம்மிடையே வழக்கம். ஆனால் அவற்றுள் சில, பெருங்கட்டடங்கள் சொல்லாத வரலாற்றைச் சொல்ல வல்லவை. தில்லியிலிருந்து சண்டிகர் செல்லும் ஒரு வழியை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

தில்லியிலிருந்து சண்டிகர் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். சோனிப்பட்டு, பானிப்பட்டு, கர்னால், அம்பாலா என்னும் ஊர்களின் வழியே செல்லும் இச்சாலை பழைய பெரும் ராஜபாட்டையின் ஒரு பகுதி. இன்று இதற்கு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். காசுமீரத்துச் சீநகரில் தொடங்கும் அந்நெடுஞ்சாலையின் தென்கோடி நம் கன்னியாகுமரி என்பதை எண்ணும்போது, மூர்த்தல் என்னும் சிற்றூரில் வண்டியை நிறுத்திச் சுடச்சுட வெண்ணெய் வைத்த பரோட்டா உண்ணும் தமிழனுக்கு, தன் ஊர்த் தெருவிலேயே நிற்பதுபோன்ற ஓர் உணர்வு தோன்றுவதில் வியப்பில்லை.

இச்சாலையின் இருமருங்கிலும் ஆங்காங்கே, சுமார் 30 அடி உயரமுள்ள செங்கல் தூண்கள் காட்சி தரும். அடியில் எண்கோணமாகவும் மேலே செல்லச்செல்ல உருண்டு குறுகியும் அமைந்த இவற்றின்மேல் முன்னாளில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. 'கோஸ் மினார்' என்பது இவற்றின் பெயர். கோஸ் என்பது பழைய வழியளவை. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் எனக் கொள்ளலாம். ஒரு கோசுக்கு ஒரு தூண் என்பது கணக்கு.

1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர் ஷா சூர், வங்கத்தையும் பஞ்சாபையும் இணைத்த பெருவழியைச் செப்பனிட்டு, இரண்டு கோசுக்கு ஒரு சத்திரமும் கிணறும் நிழல் மரங்களும் அமைத்தான் என்று வரலாறு கூறும். அக்பர் 1575-ஆம் ஆண்டளவில் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் செல்லும் வழியில் கோசுக்கு ஒரு தூண் எழுப்ப ஆணையிட்டான். தான் வேட்டையாடிய மான்களின் கொம்புகளை அத்தூண்களில் பதிப்பித்தான் என்பது அக்காலத்து ஆசிரியர் தரும் சுவையான செய்தி. ஆக்ராவிலிருந்து லாகூர் செல்லும் சாலையில் கோசுக்கு ஒரு தூணும் மூன்று கோசுக்கு ஒரு கிணறும் அமைக்குமாறு 1619-ஆம் ஆண்டு வாக்கில் கட்டளையிட்டவன் ஜஹாங்கீர். நாம் சண்டிகர் நோக்கிச் செல்லும் வழியும் அந்த லாகூர்ச் சாலையே. இன்று எஞ்சியுள்ள தூண்கள் நூற்றுக்குச் சற்று மேல் இருக்கும். அவற்றுள் ஏறத்தாழப் பாதி அரியானா மாநிலத்தில் உள்ளன.

இவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்க்கும் ஒரு வழி உண்டு. 1959-இல் திறக்கப்பட்ட தில்லி விலங்குக்காட்சிச் சாலைக்குள்ளேயே ஒரு கோஸ் மினார் நிற்கின்றது. புலியைக் காண விரைவோர் பெரும்பாலும் அதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே ஒருகணம் நின்று, "குதிரைமீது அஞ்சல் கொண்டு சென்றவனும், வண்டி ஓட்டிய வணிகனும், இருட்டில் வழிதவறிய ஏழையும் இத்தூணைக் கண்டே ஊர் எவ்வளவு தொலைவு என்று அறிந்தார்கள்" என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால், ஒரு பாடப்புத்தகம் தராத தெளிவு அவர்களுக்கு உண்டாகும். நம் தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியில் நாட்டப்பெற்ற காதக்கற்களையும் உடன் கூறலாம். அவற்றில் தொலைவை எழுத்தாற் பொறித்ததோடு, எழுத்தறியாதாரும் எண்ணிப் பார்த்து அறியும் வண்ணம் குழிகளையும் வெட்டி வைத்தனர். வழிப்போக்கனை மறவாத நெஞ்சம் வடக்கிலும் இருந்தது, தெற்கிலும் இருந்தது.

தூண்களை நாட்டியவர் மன்னர். இன்று அவற்றைக் காத்து வருவதும் அரசாங்கத்தின் தொல்பொருள் துறையும் சட்டமுமே. இனி, இச்சாலையின் முடிவில் நாம் காணப்போகும் விந்தையோ முற்றிலும் வேறு வகையினது. அதனை மன்னன் படைக்கவில்லை. தொடக்கத்தில் சட்டம் அதற்கு எதிராகவே நின்றது.

1947-இல் நாடு பிரிந்தபோது பஞ்சாபின் தலைநகரான லாகூர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. எஞ்சிய பஞ்சாபுக்கு ஒரு புதிய தலைநகர் வேண்டியிருந்தது. சிவாலிக் குன்றுகளின் அடியில் அதற்கு இடம் தேர்ந்தனர். 1951 முதல் லெ கொர்பூசியே என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் சண்டிகர் நகரம் நேர்கோடுகளும் செங்கோணங்களுமாக எழுந்தது. அந்நகரத்திற்கென அவர் வகுத்த விதிகளில் ஒன்று, நகரிலும் அதன் பூங்காக்களிலும் தனிமனிதர்க்குச் சிலை வைத்தல் ஆகாது என்பது. அதே நகரத்தில், அவர் கட்டிய உயர்நீதிமன்றத்திற்கும் சுக்னா ஏரிக்கும் அருகிலேயே, பெயரற்ற எளியோரின் சிலைகள் ஆயிரக்கணக்கில் யாரும் அறியாமல் முளைத்துக்கொண்டிருந்தன என்பது வரலாற்றின் குறும்பு.

அவற்றைப் படைத்தவர் நேக் சந்த். 1924-இல், இன்று பாகிஸ்தானில் உள்ள ஒரு சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பிரிவினையில் பிறந்த மண்ணை இழந்து இப்பக்கம் வந்தார். 1951-இல் சண்டிகர் கட்டுமானப் பணியில் சாலை மேற்பார்வையாளராக வேலைக்கு அமர்ந்தார். புதிய நகருக்கு இடமளிக்கப் பல பழைய சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. அவ்விடிபாடுகளில் கிடந்த உடைந்த பானைகளும் ஓடுகளும் பீங்கான்களும் மற்றவர் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றின. அவர் கண்ணுக்கு அவை வேறாகத் தோன்றின போலும்.

1950-களின் பிற்பகுதியில் தொடங்கி, பகலெல்லாம் அலுவல் பார்த்துவிட்டு, மாலையில் மிதிவண்டியில் உடைசல்களையும், மனிதர் போலவும் விலங்கு போலவும் உருவம் காட்டிய ஆற்றுக் கற்களையும் சுமந்து வந்து, நகருக்கு வடபுறம் காட்டுப் பள்ளம் ஒன்றில் சேர்த்தார். கட்டடம் எதுவும் எழுப்பக்கூடாது என அரசு விலக்கி வைத்திருந்த நிலம் அது. பழைய டயர்களைக் கொளுத்தி, அவ்வொளியில் இரவில் வேலை செய்தார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் நெருங்கிய சிலரைத் தவிர வேறு எவரும் இதனை அறியார்.

வளையல் துண்டுகளை ஆடையாக அணிந்த மகளிர், நீர்க்குடம் சுமந்த பெண்கள், வரிசை வரிசையாக நிற்கும் குரங்குகள், மயில்கள், மாடுகள் என அவர் படைத்த உலகம் விரிந்தது. மின்விளக்குச் சாதனங்களின் பீங்கான் துண்டுகள் சுவராயின. மிதிவண்டிச் சட்டங்கள் சிலைகளுக்கு எலும்பாயின. உருக்காலைக் கசடும் கருகிய செங்கல்லும் பாறையாயின. பின்னாளில் அருவிகளும், அரங்கமும், வளைவுகளில் தொங்கும் ஊஞ்சல்களும் சேர்ந்தன. அங்குள்ள வாயில்கள் பல மிகத் தாழ்ந்தவை. நீதிபதியாயினும் கூலியாளாயினும் தலை தாழ்த்தியே உள்ளே செல்லவேண்டும்.

1970-களின் நடுப்பகுதியில் இச்செய்தி அதிகாரிகளுக்கு எட்டியது. சட்டப்படி நோக்கின் அது ஆக்கிரமிப்பு. இடித்துத் தள்ளுவதே முறை. ஆனால் ஊரார் கூட்டங்கூட்டமாக வந்து பார்த்துச் செல்லத் தொடங்கிவிட்டனர். மக்கள் விரும்பிய ஒன்றை இடிக்க அதிகாரம் தயங்கியது. 1976-இல் 'ராக் கார்டன்' என்னும் அக்கற்பூங்கா முறையாகத் திறக்கப்பட்டது. ஊதியமும் பதவியும் உதவிக்குத் தொழிலாளரும் தந்து, அவரையே அதன் பொறுப்பில் அமர்த்தினர். 1983-இல் இப்பூங்கா அஞ்சல் தலையில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிட்டியது.

இத்துடன் கதை இனிதே முடிந்தது என எண்ணற்க. 1990-இல் பூங்காவின் ஒரு பகுதியை அகற்றிச் சாலை போட இடிப்பு இயந்திரங்கள் வந்தபோது, நகர மக்கள் அவற்றின்முன் அரணாக நின்று தடுத்தனர். 1996-இல் நேக் சந்த் அயல்நாட்டிற்குச் சென்றிருந்த சமயத்தில் அரசு உதவி நின்றது; பணியாளர் விலக்கப்பட்டனர்; சிலைகள் சேதமுற்றன. அப்போதும் பொதுமக்களே முன்வந்தனர். 2015 ஜூன் மாதம், தம் தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தார். 2025 மார்ச்சு மாதத்தில், உயர்நீதிமன்றத்தை ஒட்டிய சாலையை அகலப்படுத்தவும் வண்டிகள் நிறுத்த இடம் காணவும் பூங்காவின் சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. நகரத்தார் பலர் கண்டனம் செய்தும், இடிந்தது இடிந்ததாகவே போயிற்று.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அரண்மனைக்கும் கோட்டைக்கும் காவல் உண்டு. அவற்றின் பெருமையே அவற்றுக்கு வேலி. எளிய மனிதன் தன் கையால் ஆக்கிய விந்தைக்கோ, அதனைக் காண வரும் மக்களின் அன்பே வேலி. பிள்ளைகளைக் கைப்பிடித்து வந்து, சிலைகளைக் கண்டு சிரித்து, ஊஞ்சலில் ஆடி, உணவுப் பொட்டலத்தைப் பிரித்து உண்டு சென்ற எத்தனையோ சாதாரணக் குடும்பங்கள், தாம் அறியாமலேயே அப்பூங்காவுக்குச் சான்றாளராகவும் காவலராகவும் விளங்கினர். வருவோர் குறையுங்கால் அவ்வேலி தளரும். 1990-இல் நின்ற இயந்திரம் 2025-இல் நிற்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இக்கதையில் தனிப்பட்ட ஓர் உறவும் உண்டு. அவர் ஊரை இழந்தது போர்க்களம் போன்ற ஒரு கொடுங்காலத்தில். நாமோ விரும்பி வந்தவர்கள். இரண்டையும் ஒன்றென்று கூறுதல் பொருந்தாது. ஆயினும், வந்த இடத்தில் கைக்குக் கிடைத்ததைக்கொண்டு ஓர் உலகத்தைக் கட்டிக்கொள்ளும் வேட்கை இருவர்க்கும் பொது. எட்டாத தொலைவிலிருந்து சுமந்து வந்த கோலமும், கொலுவும், பாட்டும், மொழியும் துண்டு துண்டாகவே நம் பிள்ளைகளை வந்தடைகின்றன. அத்துண்டுகளை இணைத்து உருவாக்குவோர் இருப்பின் அவை வாழும். வந்து பார்த்து மகிழ்வோர் இருப்பின் அவை நிலைக்கும். சங்கங்களும் அவற்றின் ஆண்டு விழாக்களும் இதற்காகவே அல்லவா ஏற்பட்டன?

ஆகவே, அடுத்த விடுமுறையில் குடும்பத்துடன் புறப்படும் அன்பர்கள், பெரிய மாளிகைகளைக் கண்டு களிக்கட்டும், அதனோடு வழியில் பிள்ளைகள் "நிறுத்துங்கள்!" என்று கூவும் இடத்தில் வண்டியைச் சற்று நிறுத்தட்டும். அது ஒரு செங்கல் தூணாக இருக்கலாம்; உடைந்த பீங்கானில் பிறந்த ஒரு மயிலாக இருக்கலாம். அதனை ஆக்கியவர் யார், எதற்காக ஆக்கினார், இதுகாறும் அது எவ்வாறு பிழைத்தது என்று கேட்டறிந்து சொல்வது பெரியோர் கடன். கால்மணி நேரம் தாமதமாகும். பானிப்பட்டுக்கும் சண்டிகருக்கும் அதனால் ஒரு குறையும் வந்துவிடாது.