நடுவர்

'நடு' என்னும் அடியினின்று பிறந்த 'நடுவர்' என்ற சொல், இரு தரப்புக்கும் இடையே எப்பக்கமும் சாயாது நிற்பவர் என்று பொருள்படும். உயிர்களைப் பட்சபாதமின்றிக் கவரும் யமனுக்கும் 'நடுவன்' என்பது பழம்பெயர். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவோர்க்கு, இரு மொழியிலும் இந்த 'நடு' ஒன்றே.

இச்சொல்லைக் கேட்கும்போது ஓர் ஓட்டப்பந்தயம் என் நினைவுக்கு வரும். 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில், இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழையிற் பிறந்தவரும், முந்தைய ஆண்டு ஜகார்த்தாவில் 800 மீட்டர் ஆசியத் தங்கம் வென்றவருமான ஷைனி ஆபிரகாம், அதே ஓட்டத்தில் முன்னணியில் வந்தும், குறித்த எல்லைக்கு முன்பே தம் ஓடுபாதையை விட்டு உட்பாதையிற் புகுந்தமையால் தகுதியிழந்தார். அச்செய்தி என் நெஞ்சை இன்றும் வருத்துகிறது. ஆயினும் அரங்கின் ஆரவாரத்துக்குச் செவிசாய்க்காது, கோட்டினை மட்டுமே நோக்கிய அன்றைய தீர்ப்பாளரை 'நடுவர்' என்றழைக்க நான் தயங்கியதில்லை.